மூன்று சுவிட்ச்

லாரன்ஸ் ரோட்டுக் கடைக்காரர்
இரண்டு விளக்கையும் எரியவிட்டு
என் முகத்துக்கு நேரே பிடித்தார்.
"வெள்ளையா, மஞ்சளாம்மா?"
ஆறு வாட்ஸ், வட்டம், உள்ளே ரப்பர் வளையம்,
குளிக்கிற இடத்துக்கு நேர்மேலே போட்டாலும்
நீர் புகாதாம்.

தேவநாதன் முந்திக்கொண்டார். மஞ்சள்.
மகாபலிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தங்கிய அறையில்
அப்படித்தான் இருந்ததாம்,
சுவரெல்லாம் வெண்ணெய் தடவினாற்போல.

நான் வெள்ளை என்றேன்.
கடையில் சொல்கிற காரணம் இல்லை அது.

தாடைக்குக் கீழே, இடப்பக்கம்,
ஒரு புளியங்கொட்டை அளவு தோல் வெளுத்திருக்கிறது.
சித்திரையில் துவரம்பருப்பாக இருந்தது.
மஞ்சக்குப்பத்து டாக்டர்
வாரம் ஒருநாள் பாருங்கள், பரவினால் வாருங்கள் என்றார்.
வீட்டுக் குண்டு பல்பில் அது தெரியாது.
நாற்பது வாட்ஸில்
ஆறேழு மாதமாக எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது
அந்தப் பல்பு.

"ரெண்டுலயும் ஒண்ணு குடுங்க."
கடைக்காரருக்கு எங்கள் இல்லறத்தின் மேல்
அப்போதுதான் மரியாதை வந்தது.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஆறு அங்குலம், பிளாஸ்டிக்.
இரும்பென்றால் தேவனாம்பட்டினத்துக் காற்று
ரெண்டு வருஷத்தில் தின்றுவிடும்.

ஞாயிறு பூசை முடிந்து சூசைநாதன் வந்தார்,
வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு.
பழைய பெட்டியைத் திறந்தவர் விசில் அடித்தார்.
சிவப்பு இருக்கிறது. கறுப்பு இருக்கிறது.
பச்சை ஒயர் மட்டும் நாலு விரல் நீளத்தில் நறுக்கி,
சுருட்டி, எங்கேயும் போகாமல்.
"பதினோரு வருஷமா எர்த் இல்லாமலா குளிச்சீங்க?"
சுவரில் இருந்த கீசரைப் பார்த்தேன்.
அது சிவப்புக் கண்ணைத் திறந்து வைத்திருந்தது.

வென்டிலேட்டர் கண்ணாடிகளை உருவினார், மூன்று.
நான்காவது எந்தப் புயலில் போனதென்று
வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை.
சுவரில் காடி வெட்டிய தூசி
பல்துலக்கிகளின் மேல் இறங்கியது.

"மூணையும் ஒரே சுவிட்ச்ல போட்டுரட்டா? ஒயர் மிச்சம்."
"வேணாம், தனித்தனி."
"ஃபேனுக்குக்கூடவா?"
டீ கொதிக்கிறது என்று போய்விட்டேன்.
அடுப்பையே பற்ற வைத்திருக்கவில்லை.

ஃபேன் சுற்றியதும்
பக்கத்து வீட்டு பிலோமினாவின் வஞ்சிரம்
முழுசாகக் குளியலறைக்குள் வந்தது,
கறிவேப்பிலையோடு.
"திருப்பி மாட்டியிருக்கேன்" என்றார் சூசைநாதன்,
வேறு யாரோ செய்ததைப் போல.
நாலு திருகும் மறுபடி கழன்றன.
அதற்குள் தேவநாதனுக்குப் பசி எடுத்துவிட்டது.

சரியானதும் வெந்நீரைத் திறந்துவிட்டுக் காட்டினார்.
"பாத்தீங்களா, இனிமே கண்ணாடில ஆவியே பிடிக்காது."
தலையாட்டினேன்.
இத்தனை நாளும் குளித்து நிமிர்ந்தால்
நெற்றியிலிருந்து கழுத்துவரை
யாரோ ஈரத்துணி போர்த்திவிட்டிருப்பார்கள்.
துடைப்பதும் துடைக்காததும் என் இஷ்டமாக இருந்தது.
ஆவிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை,
நானும் சொன்னதில்லை.

கூலி ஆயிரத்து இருநூறு.
திருப்பி மாட்டியதற்கு நூறு குறைத்தார் தேவநாதன்.
மீன் வாசனைக்கு நூறு சேர்த்தார் சூசைநாதன்.

கதவுக்கு வெளியே மூன்று சுவிட்ச்,
இடமிருந்து வெள்ளை, மஞ்சள், காற்று.
நாலு நாளாகியும் கைக்கு வரிசை பிடிபடவில்லை.
இன்று விடியுமுன் வெள்ளையைப் போடப் போய்க்
காற்றைத் தட்டிவிட்டேன்.
அப்படியே உள்ளே நுழைந்து தாழிட்டேன்.
இருட்டில் ஷட்டர் இதழ்கள் ஒவ்வொன்றாய்த் திறக்க
மூன்று கோடாக வானம் தெரிந்தது,
நடுக்கோடு கொஞ்சம் வெளுத்து.
ஈரக் கழுத்தில் காற்று பட்டது.
பார்க்கவேண்டிய நாள் சனிக்கிழமை.
இன்று வியாழன்தானே.